கூரை உள்ளவருக்கு மட்டும் சலுகையா?

வீட்டு மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவோருக்கு அரசு கைகொடுப்பது நல்லதே. ஆனால் எந்த வழியில் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தே பயன் யாருக்குப் போகிறது என்பது அமைகிறது. மலேசியாவில் இரண்டு வழிகள் உண்டு: வரிக்கழிவு, நேரடித் தள்ளுபடி.

மின்காருக்கு வீட்டில் சார்ஜர் பொருத்துவோர் 2,500 ரிங்கிட் வரை வரிக்கழிவு கோரலாம். இது வரியிலிருந்து கழியாது, வரிக்குரிய வருமானத்திலிருந்தே கழியும். 25 விழுக்காடு வரி கட்டுபவருக்கு 625 ரிங்கிட் மிச்சமாகும், 3 விழுக்காடு கட்டுபவருக்கு 75 ரிங்கிட்தான். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு ஒரு சென்கூடக் கிடையாது. சம்பாத்தியம் கூடக் கூட உதவியும் கூடுகிறது.

தள்ளுபடி இதைவிட நியாயமானது. 2021இல் வந்த 'சேவ் 2.0' திட்டம், மின்சிக்கனத்துக்கு நான்கு அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்ற ஏர்கோனோ குளிர்பதனப் பெட்டியோ வாங்கிய குடும்பத்துக்கு 200 ரிங்கிட் குறைத்தது. சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. குறையும் உண்டு: அதுவரை ஏர்கோன் இல்லாத வீடு புதிதாக ஒன்று வாங்கினால், மின்கட்டணம் ஏறவே செய்யும்.

2024 ஏப்ரலில் தொடங்கிய 'சோலாரிஸ்' திட்டம் சூரியத்தகடுகளுக்குக் கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட், அதிகபட்சம் 4,000 ரிங்கிட் என ஊக்கத்தொகை அறிவித்தது. கிள்ளானில் சொந்தத் தரைவீடும் கையில் முதலும் உள்ளவருக்கு இது அருமையான வாய்ப்பாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிவாசிக்கோ கூரையே தனக்குரியதல்ல. 1985ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி அது பொதுச்சொத்து. வாடகைக்கு இருப்பவர் நிலை இன்னும் மோசம்: தகடு பொருத்துவது வீட்டுக்காரர் விருப்பம், கட்டணம் கட்டுவது இவர் பொறுப்பு.

மூன்று திட்டங்களுமே சாதனம் வாங்குவோருக்கு உதவுபவை. மதிய வெயிலில் கொதிக்கும் கூரைக்கடியில் வெப்பத்தடுப்பு விரிப்பது பற்றி அவை பேசவில்லை. நம் தட்பவெப்பத்தில் ஏர்கோனின் தேவையையே குறைக்கும் வேலை அதுதான்.

எனவே தள்ளுபடி தொடரட்டும், வரிக்கழிவை நம்பியிருக்க வேண்டாம். அடுத்த ஒதுக்கீட்டில் அடுக்குமாடி நிர்வாகக் குழுக்களுக்கும் வெப்பத்தடுப்புக்கும் பங்கு வேண்டும். வாடகைக்காரரைக் கணக்கில் கொள்ளாத திட்டம், கிள்ளான் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அரைகுறைத் திட்டமே.