கற்பனைக் கைதியும் மெய்க் கைதிகளும்

அலெக்சாந்தர் தூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ 1844 முதல் 1846 வரை பாரிசுச் செய்தித்தாளொன்றில் தொடர்கதையாக வெளிவந்த நாவல். அதனைப் பயின்றோர், கதைத்தலைவன் எட்மன் தான்தெஸ் பதினான்கு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த இஃப் கோட்டையை மறவார். மார்சேல்ஸ் துறைமுகத்திற்கு எதிரே சிறு தீவொன்றில் நிற்கும் அக்கோட்டை கற்பனையன்று. துறைமுகக் காவலுக்கென முதலாம் பிரான்சிஸ் மன்னன் 1524-இல் கட்டத் தொடங்கியது. சுற்றிலும் கடல் சூழ்ந்தமையால் பின்னர்ச் சிறையாயிற்று.

இன்று அங்குச் செல்வோர்க்குத் தான்தெஸின் அறை எனவே ஓர் அறையைக் காட்டுகின்றனர். பிறவாதவனுக்கு அறை கிடைத்துவிட்டது! சமயக் கொள்கைக்காக அங்கு அடைக்கப்பட்ட புரொட்டஸ்டண்டுகள் ஆயிரக்கணக்கினர். 1848-லும் 1871-லும் கிளர்ந்தெழுந்தவர்களும் அங்கே கிடந்தனர். பணம் கொடுத்தவர்க்குச் சாளரமுள்ள மேல்மாடி அறை, ஏழையர்க்கு இருண்ட கீழறை என்பது அச்சிறையின் நடைமுறை. இவர்களின் பெயரை யார் கேட்கின்றனர்?

இன்னொரு செய்தியும் உண்டு. கெய்ரோவில் 1800-இல் கொலையுண்ட பிரெஞ்சுத் தளபதி கிளேபரின் உடல் எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்டு, 1818 வரை அக்கோட்டையிலேயே வைக்கப்பட்டிருந்தது. கதைக் கணக்குப்படி தான்தெஸ் சிறைபுகுவது 1815-இல். பிணப்பைக்குள் ஒளிந்து அவனைத் தப்பவைத்த ஆசிரியர்க்கு, மெய்யாகவே அங்குக் கிடந்த இவ்வுடல் தேவைப்படவில்லை போலும்.

ஆயினும் பெரிய இழப்பு பாரியா பாதிரியார் வகையிலேதான். கதையில் அவர் இத்தாலிய அறிஞர். தான்தெஸுக்கு மொழிகளும் கணிதமும் வரலாறும் கற்பித்துச் சிறையிலேயே இறப்பவர். அப்பெயரை உடைய மெய்யான பாதிரியாரோ 1756-இல் கோவாவில் பிறந்த இந்தியர். லிஸ்பனுக்கும் ரோமுக்கும் சென்று பயின்று, பாரிசில் வாழ்ந்து, 1819-இல் அந்நகரிலேயே மறைந்தார். ஒருவரைத் துயிலில் ஆழ்த்துவது துயில்விப்பவரிடமிருந்து பாயும் காந்த ஆற்றல் என்று அக்காலத்தார் பலர் நம்பினர். இவரோ, அத்துயில் துயில்பவரின் மனத்திலிருந்தே எழுகிறது என்றார். பாரிசு மக்களுள் சிலர் வியந்தனர், பலர் நகைத்தனர்.

நாவலாசிரியன் வரலாற்றாசிரியன் அல்லன் என்பர். உண்மையே, கதைக்காகப் பெயரைக் கடன் வாங்குவதும் குற்றமன்று. ஆனால் கடல்கடந்து வந்து ஐரோப்பியர்க்கே புதிய கருத்தொன்றைச் சொன்ன கீழைநாட்டாரை இத்தாலியராக்கியதில் கதைக்கு விளைந்த பயன் யாது? புதையல் இரகசியம் ரோமக் குடும்பமொன்றைச் சார்ந்தது, ஆதலின் இத்தாலியர் வேண்டும் என்று விடை கூறலாம். ரோமிலேயே கற்ற கோவாப் பாதிரியார் அதற்கு ஆகாதவரோ? உலகறிந்த ஓர் ஆசிரியரைத் தான்தெஸ் என்னும் மாலுமிக்குத் தர விழைந்த தூமா, கையிலிருந்த பொன்னை விட்டுவிட்டுப் பித்தளையைப் பூசியிருக்கிறார்.

நாவலை மாணவர்க்கு அறிமுகம் செய்வோர் இவ்வேறுபாட்டையும் உடன் கூறுதல் வேண்டும். கோவாவின் பாஞ்சிம் நகரில் 1945-இல் நிறுவப்பட்ட பாரியாவின் சிலை, பெண்ணொருத்தியின்மேல் கைகளை நீட்டித் துயிலச் செய்யும் கோலத்தில் நிற்கிறது. அதில் சங்கிலியும் இல்லை, சிறைச்சுவரும் இல்லை.