கமிஷன் எவ்வளவுங்க?

போக்கர் ஆடுபவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் புத்தகம், டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் ‘தி தியரி ஆஃப் போக்கர்’. எதிராளியின் சீட்டு தெரிந்திருந்தால் ஆடியிருக்கும் ஆட்டத்திலிருந்து நீங்கள் விலகும்போதெல்லாம் லாபம் அவருக்கு. இதுதான் சாரம். மனுஷர் கெட்டிக்காரர்!

ஆன்லைனில் புதுசாக இறங்குபவர்களுக்குச் சொல்லும் பாடமும் இந்த வழியில்தான்: நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஆடு, மற்றவர்கள் பேசிய பிறகு பேசு, கையிருப்பில் 20-ல் ஒரு பங்குக்கு மேல் மேஜைக்குக் கொண்டு போகாதே.

எல்லாம் சரி. ஆனால், சில்லறைப் பந்தயத்தில் உங்கள் எதிரி, எதிராளி மட்டும்தானா? ஆட்டம் நடத்துபவரின் கமிஷன்?

ஆறு பேர், தலைக்கு 1,000 ரூபாய். ஆட்டத்துக்குச் சராசரியாக 100 ரூபாய் சேர்கிறது, அதில் 5 சதவிகிதம் கமிஷன், மணிக்கு 60 ஆட்டம் என்று வையுங்கள். இருபதே மணி நேரத்தில் 6,000 ரூபாய் கம்பெனிக்குப் போச்சு! ஆறு பேரும் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்களாக இருந்தாலும் இதே கணக்குதான்.

கூலி உயர்வுக்காக 2022-ல் வாரக்கணக்கில் தறியை நிறுத்திய ஊர், சோமனூர். மீட்டருக்குப் பைசா கணக்குப் பார்க்கும் அந்த ஊர் விசைத்தறிக்காரர், சீட்டைத் தொடுமுன்பே கேட்டுவிடுவார்: “கமிஷன் எவ்வளவுங்க?” பாடத்தில் முதல் வரியாக இருக்க வேண்டியது இந்தக் கேள்விதான்.

காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025-ல் நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது. புத்தகத்தைத் தாராளமாகப் படியுங்கள். மூளைக்கு நல்லது. பர்ஸை மட்டும் திறக்காதீர்கள்!