யோர்தானும் கல்வாரியும்: மலையகத் திருச்சபையின் புத்துயிர்ப்புப் பற்றிய ஒரு நோக்கு

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) பின்னர் ‘திருச்சபையின் புத்துயிர்ப்பு’ என்னும் தொடர் இலங்கைக் கிறிஸ்தவரிடையே பெருவழக்காயிற்று. வழிபாட்டு மொழி மாறியதையே புத்துயிர்ப்பெனக் கொண்டு அமைந்தோரும் உளர். அத்தொடருக்கு ஆழ்ந்த பொருள் காண முயன்றோருள் இயேசு சபைத் துறவி அலோசியஸ் பீரிஸ் முதன்மையானவர். 1974 இல் களனியில் ‘துலான’ ஆய்வு நிலையத்தை நிறுவிய அவர், ஆசியத் திருச்சபை பிறருக்குத் திருமுழுக்கு வழங்குமுன் தானே இரு திருமுழுக்குகளைப் பெறல் வேண்டும் என்றார். ஆசியச் சமயநெறி என்னும் யோர்தானில் ஒன்று. ஆசிய வறுமை என்னும் கல்வாரியில் மற்றொன்று. ஆசிய விடுதலை இறையியல் பற்றி 1988 இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல் இக்கருத்தைத் தாங்கி நிற்பது. இவ்வளவுகோலை ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் வைத்து நோக்குமிடத்துத் திருச்சபையின் குறை மாத்திரமன்றி, அளவுகோலை ஆண்டோரின் குறையும் புலப்படுகின்றது.

தோட்டங்களில் சீர்திருத்தச் சபையினரின் பணி எவ்வாறு வேரூன்றியது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். கோப்பித் துரைமாரின் ஆதரவுடன் 1854 இல் தொடங்கப்பெற்ற அமைப்பின் பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் மலையேறி நடந்து லயங்களில் போதித்தனர். துரைமாருக்கோ கோயில் வேறு. டிக்கோயாவில் 1878 இல் எழுந்த வார்லி தேவாலயம் அதன் வண்ணக் கண்ணாடிகளுடன் இன்றும் நிற்கின்றது. நற்செய்தி தொழிலாளியை அடைந்தது துரையின் அனுமதியோடு. அவ்வனுமதியை இழக்கத் துணியாத சபை, சம்பளத்தைப் பற்றியோ பெரிய கங்காணியின் கடன் கணக்கைப் பற்றியோ உரத்துப் பேசும் நிலையில் இருக்கவில்லை. ஏழைகள் நடுவே இருப்பது வேறு, ஏழ்மையில் திருமுழுக்குப் பெறுவது வேறு என்ற வேறுபாட்டுக்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

கல்வாரியின் திருமுழுக்கு எழுபதுகளிலேதான் நிகழத் தொடங்கியது எனலாம். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964 இல் இரு பிரதமர்கள் செய்த உடன்படிக்கையால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்ட மக்கள், 1973–74 காலத்து உணவுத் தட்டுப்பாட்டில் பட்டினிச் சாவையும் கண்டனர். 1972 இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தை நிறுவினார். 1974 இல் தோட்டப்புறங்களுக்கான இணைப்புச் செயலகம் தோன்றியது. கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார 1972 இல் புதிதாய் அமைந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராகி, பண்டாரவளையில் ‘சேவக செவன’வில் குருக்களுக்குப் புதுவகைப் பயிற்சியளித்தார். இவர்களின் உண்மையுள்ளத்தை ஐயுறுதல் நன்றியின்மையாகும். ஆயினும் அம்முயற்சிகள் பெரிதும் தோட்டத்துக்கு வெளியேயிருந்து வந்தவை. அவற்றில் மலையகத்தான் ஆய்வுக்கும் அனுதாபத்துக்கும் உரியவனாக இடம்பெற்ற அளவுக்கு இறையியல் பேசுபவனாக இடம்பெறவில்லை.

யோர்தானின் செய்தி இதனினும் சிக்கலானது. பீரிஸ் அடிகளார் பௌத்த மெய்யியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற அறிஞர். இயற்கையோடும் அதன் ஆற்றல்களோடும் உறவாடும் மக்கட் சமயத்தை, அதற்கு அப்பாலான வீடுபேற்றை நாடும் நெறியிலிருந்து பிரித்துக் காட்டி, முன்னதையும் மதித்தவர் அவர். எனவே மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் அவர் கோட்பாட்டில் இடமுண்டு. ஆனால் அக்கோட்பாட்டைப் பின்பற்றியோரின் உரையாடல் விகாரையை நோக்கிச் சென்ற அளவுக்குத் தேயிலை மலையின் அம்மன் கோயிலை நோக்கிச் செல்லவில்லை. மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நிகழ்கின்றது. எரிந்துபோன மன்மதனுக்காக இரதி புலம்புகின்றாள். அவன் மீண்டு வருகின்றான். பெரும்பாலான ஆண்டுகளில் இதே வாரங்களிலேதான் கிறிஸ்தவரின் தவக்காலமும் வருகின்றது. ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்களில் இரு விரதங்கள், சாவையும் மீள்வையும் பற்றிய இரு கதைகள். இவ்வயலுறவு வியாக்கியானத்துக்கு உரியது என்று எண்ணிய பிரசங்கியார் எத்தனை பேர்?

தப்பு மேலும் ஒரு சான்று. விடியலில் பெரட்டுக்களத்துக்கு ஆட்களை எழுப்பிய கருவி அது. திருவிழாவிலும் சாவீட்டிலும் ஒலித்ததும் அதுவே. அடிமைத்தனத்தின் ஒலியும் தெய்வம் இறங்கும் ஒலியும் ஒரே தோலில் பிறந்தன. கீர்த்தனைக்கும் ஆர்மோனியத்துக்கும் எளிதில் திறந்த கோயிற் கதவு தப்புக்கு எளிதில் திறக்கவில்லை. ‘அஞ்ஞானம்’ என்பது சொல்லப்பட்ட காரணம்; சாதி சொல்லப்படாத காரணம். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையை வழிபாட்டின் நடுவே கொணர்ந்தபோது, பறையோடு அதை அடிப்போரின் மானமும் உடன் வந்தது. மலையகத்துக்கு வேண்டிய யோர்தான் அத்தகையது.

லயங்களில் இன்று பரவியுள்ள பெந்தெகொஸ்தே செபக்கூட்டங்களை மூத்த சபையினர் ஏளனத்தோடு ஒதுக்குவது பொருந்தாது. கொழுந்து பறிக்கும் பெண் அங்கே வாய்திறந்து செபிக்கின்றாள். அவளது நோயும் கணவனின் குடியும் கடவுளின் அலுவலாகின்றன. மக்கட் சமயத்தைப் பேயென்று பழித்துக்கொண்டே அதன் உணர்வுக்கு மிக அருகில் வந்திருப்போர் இவர்கள் என்பது விந்தை. எனினும் நாட்சம்பளமும் காணியுரிமையும் அங்கே செபத்துக்குரிய தேவைகளாகின்றனவேயன்றிப் போராட்டத்துக்குரிய நீதிகளாவது அரிது. ஒரு சாரார் கல்வாரியில் நிற்க, மறுசாரார் யோர்தானின் கரையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கின்றனர்.

யோர்தானில் இயேசு போதகராக இறங்கவில்லை. யோவானிடம் வந்த மக்களோடு மக்களாக வரிசையில் நின்றார் என்பதே பீரிசின் வாதத்தின் உயிர்நிலை. மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைந்து 2023 யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. கோப்பிக் காலத்தில் கால்நடையாக வந்து வழியிலே மாண்டோரின் தடம் அது. பல சமயத்தார் கூடி நடந்த அவ்வரிசையில் கிறிஸ்தவரும் இருந்தனர். அவர்கள் அங்கே போதிக்கச் செல்லவில்லை.