ஆசானாகிய குதிரை: பொத்ஹாய்ஸ்கியின் நூலை முன்வைத்துச் சில சிந்தனைகள்

வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியை 1939 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நெறிப்படுத்திய அலோய்ஸ் பொத்ஹாய்ஸ்கி, தம் நினைவு நூலுக்கு 'என் ஆசான்கள், குதிரைகள்' என்று பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நீரோ என்னும் குதிரையில் ஏறி, டிரஸாஜ் எனப்படும் நுண்ணசைவுக் குதிரையேற்றத்தில் வெண்கலம் வென்றவர் அவர். அத்தகைய ஒருவர் தம்மை மாணவராகவும் தாம் பழக்கிய விலங்குகளை ஆசான்களாகவும் நிறுத்துகின்றார். இதனை வெறும் அவையடக்கம் என்று கடந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை. பயிற்றுவோன், சவாரியாளன், குதிரை ஆகிய மூவரிடையே அதிகாரம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்னும் வினா அத்தலைப்பிலேயே அடங்கியிருக்கின்றது.

தலைப்பின் உண்மையை அப்பள்ளியின் நடைமுறை ஓரளவு மெய்ப்பிக்கவே செய்கிறது. புதிதாகச் சேரும் மாணாக்கனுக்கு முதலில் கடிவாள வாரும் அங்கவடியும் கொடுக்கப்படுவதில்லை. பயிற்றுவோன் நீள்கயிற்றால் பிடித்திருக்கும் அனுபவமிக்க முதிய குதிரையின் மீது அவன் மாதக்கணக்கில் அமர்ந்து, உடலின் சமநிலையை மட்டுமே கற்கின்றான். தேர்ந்த குதிரை இளைஞனுக்குக் கற்பிக்கிறது. தேர்ந்த சவாரியாளன் இளங்குதிரைக்குக் கற்பிக்கின்றான். கற்காத இருவரை ஒருங்கே சேர்த்துவிட்டால் துன்பம் முழுவதும் குதிரையின் வாய்க்கே போய்ச் சேரும் என்பதை அறிந்தோர் வகுத்த ஒழுங்கு இது. தன் இருக்கை உறுதிப்படாதவன் விழாதிருக்கக் கடிவாளத்தையே பற்றுவான்; அவன் பற்றும் ஒவ்வொரு முறையும் இரும்பு நாவின்மேல் அழுந்தும்.

இவ்விடத்தில் நம் மரபின் ஒரு நூல் நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அப்பாஸிய ஆட்சியின்போது குதிரையேற்றம் குறித்தும் கால்நடை மருத்துவம் குறித்தும் எழுதிய இப்னு அகீ ஹிஸாம், சேணமற்ற முதுகிலிருந்தே கற்றலைத் தொடங்க வேண்டும் என்று வலியுறுத்தினார். வியன்னாவுக்கும் பக்தாதுக்கும் நேர்க்கோடு இழுப்பது நம் நோக்கமன்று. அத்தகைய அவசரப் பெருமிதம் ஆய்வுக்கு உதவாது. ஒரே உடற்கூறு ஒரே முடிவுக்கு இருவரையும் இட்டுச் சென்றிருக்கலாம். எனினும் அரபு மொழி ஒரு செய்தியைப் பேணி வைத்திருக்கின்றது. அரசியல் என்னும் பொருளில் இன்று வழங்கும் 'ஸியாஸத்', குதிரை முதலிய விலங்குகளைப் பேணிப் பழக்குவதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல். குதிரைக்காரனைக் குறிக்கும் 'ஸாயிஸ்' அதன் உடன்பிறப்பு.

பொத்ஹாய்ஸ்கியின் நூலில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது, பிழை நேரும்போது காரணத்தை முதலில் சவாரியாளனிடம் தேடும் பழக்கமே. குதிரை அடம்பிடிக்கிறது என்று சொல்வதற்கு முன்னர் அதற்கு விளங்கியதா, வலிக்கிறதா, அஞ்சுகிறதா என்று அவர் கேட்கின்றார். கருணை என்னும் சொல் இங்கே உணர்ச்சியாக நின்றுவிடாமல் ஆராயும் முறையாகிவிடுகிறது.

ஆயினும் 'ஆசான்' என்னும் உருவகத்தை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. ஆசான் வகுப்பைக் கலைத்துவிட்டு எழுந்து போகலாம். குதிரை போக முடியாது. பாடத்திட்டத்தை வகுத்ததும் அதுவன்று. முதலாம் உலகப்போர்க் காலத்திலிருந்து குதிரைப்படையில் வளர்ந்த அந்த அதிகாரிக்குக் குதிரையின் கீழ்ப்படிதல் இயல்பான ஒன்றாகவே தோன்றியிருக்க வேண்டும். அன்பும் நட்பும் பற்றி அவர் எழுதும் பக்கங்கள் இனிமையானவை. அன்பு எவ்வாறு கற்பிக்கிறது என்பதை அவை விளக்குவதில்லை. அவருடைய பள்ளியின் சவாரியாளர்கள் மேலங்கியின் வால்பகுதிப் பையில் சர்க்கரைக்கட்டி வைத்திருப்பர் என்பது புகழ்பெற்ற செய்தி. ஆனால் சர்க்கரை பயிற்சியின் சிறு பகுதியே. காலின் அழுத்தமும் கடிவாளத்தின் அழுத்தமுமே மொழி. அவ்வழுத்தம் நீங்கும் கணத்தையே குதிரை விடையாகக் கொள்கின்றது. அது இணங்கிய நொடியில் அழுத்தம் தளர்ந்தால் பாடம் பதியும். தளராவிட்டால் இணங்கியும் பயனில்லை என்றே அது கற்கும். காலப்போக்கில் மரத்துப்போகும், அல்லது மூர்க்கமாகும். பயிற்றுவோனின் கருணையை அளக்கத்தக்க இடம் இதுவே என நாம் கருதுகிறோம்.

இதைக் கற்பிப்போர் அருகிவிட்டனரோ என்று ஐயுறும் வகையில் அண்மைக்கால நிகழ்வுகள் அமைந்துள்ளன. குதிரையின் கழுத்தை வலிந்து வளைத்து மோவாயை மார்போடு சேர்க்கும் 'ரோல்கூர்' முறையை, சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010-இல் ஏற்கத்தகாதது என அறிவித்தது. 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் தறுவாயில், 2012-லும் 2016-லும் தனிநபர் தங்கம் வென்ற சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். முன்னர் நிகழ்ந்த ஒரு பயிற்சி வகுப்பில், மாணவர் ஏறியிருந்த குதிரையின் கால்களை அவர் தரையில் நின்றவாறு நீள்சவுக்கால் பலமுறை அடித்த காணொளி வெளியானதே காரணம். அவர் வருத்தம் தெரிவித்தார். கூட்டமைப்பு ஓராண்டுத் தடை விதித்தது. நமது கவனத்திற்குரியது, அது நிகழ்ந்தது போட்டியரங்கிலன்று, கற்பிக்கும் இடத்தில் என்பதே. அங்கே மாணவர் எதைக் கற்றிருப்பார்?

குதிரை இரையாகும் இனம். வலியை ஓலமிட்டு வெளிப்படுத்தும் இயல்பு அதற்கில்லை. பின்மடங்கிய செவி, ஓயாது சுழலும் வால், இறுகிய வாய் என்பனவே அதன் முறையீடுகள். நடுவரோ கால் தூக்கும் உயரத்திற்கும் புள்ளியிடுகின்றார். மூக்குப்பட்டையின் இறுக்கத்தை அளக்கும் கருவியைக் கூட்டமைப்பு 2025-இல் புகுத்தியது வரவேற்கத்தக்கதே. ஆனால் கருவி தோலின் இறுக்கத்தைத்தான் அளக்கும். கை தளர வேண்டிய நொடியைப் பயிற்றுவோனே மாணவனுக்குக் காட்டியாக வேண்டும்.

இந்நோக்கில் பொத்ஹாய்ஸ்கியின் நூல், அதன் குறைகளோடும், இன்றைய கையேடுகள் பலவற்றினும் மேலானது. அவசரமின்மை அதன் ஒவ்வொரு பக்கத்திலும் படிந்துள்ளது. ஓர் இளங்குதிரை உயர்நிலைப் பாடங்களை எட்ட அப்பள்ளி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது. போட்டி நாட்காட்டி காத்திருப்பதில்லை. நம் புரூஸிய்யா நூல்களைப் பயில்வோரும் இதனைக் கருத்திற்கொள்ளலாம். அவற்றின் வாள்வீச்சு, ஈட்டிப் பயிற்சிப் பகுதிகளும் மம்லூக் கால ஓவியங்களும் பெற்றுள்ள கவனத்தை, குட்டியைக் கடிவாளத்திற்குப் பழக்கும் பகுதிகளும் பெறுதல் வேண்டும்.