தேய்மானமும் சிதைவும்

நெடுந்தீவில் வேலி என்றால் கிடுகு வேலியல்ல. முருகைக்கற்களைச் சுண்ணாம்போ சீமெந்தோ சேர்க்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மதில். குறிகட்டுவானில் வள்ளமேறி, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடிப்போய் இறங்கினால் ஊருக்குள் எங்கு திரும்பினாலும் இதுதான். கடலில் உயிரோடிருந்த கல். வெட்டியெடுத்த காலத்தில் வெளுத்திருக்கும். வெயிலும் உப்புக்காற்றும் அதைக் கருஞ்சாம்பலாக்கியிருக்கின்றன. கிட்டப்போய்ப் பார்த்தால் பவளத்தின் பூவரி இன்னும் தெரிகிறது.

என்னோடு வந்த தம்பி சரிந்து கிடந்த ஒரு மதிலை விதவிதமாகப் படம் எடுத்தார். அருகில் நின்ற ஊர்ப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வடிவெண்டு சொல்லுறியள். ஆக்கள் இருந்தா விழுந்த கல்லை அண்டைக்கே எடுத்து வைச்சிருப்பினம்."

பழமையின் அழகைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் இவ்வளவு கூர்மையான விமர்சனத்தைக் கண்டதில்லை. ஒஸ்திரியக் கலை வரலாற்றாசிரியர் அலோய்ஸ் றீகல் 1903 இல் இந்த ரசனைக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். ஒரு பொருளின் வரலாற்று மதிப்பை அறியப் படிப்பு வேண்டும். அதன் வயது மதிப்பை உணரக் கண் இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. இயற்கை மெல்ல மெல்ல அரிப்பதே அந்த அழகு. மனிதர் வலிந்து இடிப்பதை அவரும் ஏற்கவில்லை. ஆனால் இடிக்கவுமில்லை, பேணவுமில்லை, ஆளே இல்லை என்ற ஒரு நிலை இருக்கிறதே, அதை என்ன செய்வது? வியன்னாவில் இருந்து பார்த்தவருக்கு அந்தக் கேள்வி பெரிதாகத் தோன்றியிருக்காது. எங்களுக்கு அது 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி வந்தது. இரண்டு மணித்தியாலம் தந்தார்கள்.

2002 இல் ஏ-9 பாதை திறந்தபின் உம்மாவோடு சோனகத்தெருவுக்குப் போனேன். ஓடு இல்லை, கதவு இல்லை, நிலையும் இல்லை. அறைக்குள் ஒரு வேப்பமரம். சுவரில் பாசி, காரை பெயர்ந்த இடத்தில் செங்கல்லின் சிவப்பு. யாராவது படமெடுத்து நாட்காட்டியில் போட்டால் ரசிக்கத்தான் செய்வார்கள். உம்மா சுவரைப் பார்க்கவே இல்லை. குசினி இருந்த மூலைக்குப் போய்ச் சருகை ஒதுக்கினார். அம்மி கிடந்தது! பாரம் என்றுதான் ஒருவரும் தூக்கவில்லைப்போலும். நடுவில் பள்ளம். உள்ளங்கையை அதில் வைத்து, "இது என்ர உம்மா அரைச்ச பள்ளம்" என்றார். அடுத்த மூச்சில், "வழுவழுத்துப் போச்சு. கொத்த வேணும்" என்றார்.

சுவரும் அம்மியும் ஒரே வீட்டுப் பழையவைதான். ஒன்று மனிதர் இருந்ததால் தேய்ந்தது. மற்றது இல்லாததால் சிதைந்தது. இரண்டையும் 'காலத்தின் கைவண்ணம்' என்று ஒரே பெட்டியில் போடுகிற ரசனையோடுதான் எனக்கு வழக்கு. கொழும்பில் பழம்பொருட் கடைகளில் நிலைக்கதவுகளைக் காணும்போது தாழ்ப்பாளின் மினுக்கத்தில் என் கை போகும். யாருடைய கை இதை மினுக்கியது, அவர் இதை விற்றாரா?

இதற்கு மறுபுறமும் உண்டு. ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்கள் வைத்த 'ஹமன்ஹீல்' என்ற பெயருக்குப் பன்றித் தொடையின் குதி என்று பொருள். நம்மவர் முகம் சுளிக்கலாம். பின்னாளில் சிறைச்சாலை, இப்போது கடற்படை நடத்தும் விடுதி. துப்புரவாகத்தான் வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பஞ்சு மெத்தை போட்ட அறையில் சிறைக்காலத்தை எங்கே தேடுவது?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டுக் கல், பேராசிரியர் கா. இந்திரபாலா பதிப்பித்தது. தேய்ந்த எழுத்துகளை மீண்டும் உளியால் வெட்டலாம் என்று எவரும் சொல்லார். அதன் வாசகம் கடல் வணிகத்தில் பிழைத்த நம் முன்னோருக்கும் உரியது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டவருக்குப் பாதுகாப்பு வேண்டும்; யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் கால்பங்கு பண்டாரத்துக்கு, முக்கால் உடையவனுக்கு; சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. கரையொதுங்கிய பொருளுக்கும் உடையவன் ஒருவன் உண்டு என்பதை அந்த அரசன் மறக்கவில்லை. பழம்பொருள் வாங்குகிறவர்கள் அந்தக் கல்லை ஒருதரம் போய்ப் பார்க்கலாம்.

அம்மியை வானில் ஏற்றிப் புத்தளம் கொண்டுவந்தோம். கொத்துகிற ஆள் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. உளியோடு அவர் குந்தியபோது, "நடுப்பள்ளத்தைத் தொட வேண்டாம், ஓரத்தை மட்டும் கொத்துங்கோ" என்றேன். உம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்:

"அப்ப நான் எதில மகன் அரைக்கிறது?"