தந்திக் குறிமுறை: ஒரு மதிப்பீடு

மோர்ஸ் பெயரால் வழங்கும் தந்திக் குறிமுறையைப் புகழ்ந்தோர் பலர்; எடைபோட்டுப் பார்த்தோர் சிலர். செய்தி நொடியில் நெடுந்தொலைவு செல்வது கண்டு வியப்போர், மின்சாரத்தின் பெருமையைக் குறிமுறையின் மேல் ஏற்றிவிடுகின்றனர். குறிமுறைக்கே உரிய சிறப்பு வேறு. மிகுதியாக வரும் எழுத்துக்குக் குறுகிய குறியும், அருகி வரும் எழுத்துக்கு நீண்ட குறியும் வகுத்ததே அச்சிறப்பாகும். அது எவ்வாறு தோன்றிற்று, பின்னர் எங்கே குறைந்தது என்பதே ஆராயத்தக்கது.

ஓவியரான சாமுவேல் மோர்ஸ் 1837இல் மேற்கொண்ட முறை எண்களை அனுப்புவது. ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய சொல்லை அகராதியில் தேடிக் காணவேண்டும். மின்சாரம் மிச்சப்படுத்திய நேரத்தை அகராதி விழுங்கிற்று. அதே ஆண்டில் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் இருவரும் அமைத்த கருவியில் ஐந்து ஊசிகள் எழுத்துக்களையே சுட்டிக் காட்டின. படிப்பது எளிது; ஆயின் கம்பிகள் பல வேண்டும். ஆங்கில எழுத்துக்கள் 26இல் 20க்கே அதில் இடமிருந்தது. 1838இன் தொடக்கத்தில் மோர்ஸ் அகராதியைக் கைவிட்டு, ஒற்றைக் கம்பியில் செல்லத்தக்க புள்ளியாலும் கோட்டாலும் எழுத்துக்களுக்கே குறி வகுத்தார்.

எந்த எழுத்து மிகுதியாக வரும் என்பதை அறிய, அச்சுக்கூடத்து எழுத்துப் பெட்டிகளில் இருந்த அச்சுக்களின் எண்ணிக்கையே வழிகாட்டிற்று. ‘ஈ’ 12,000, ‘டீ’ 9,000, ‘இஸட்’ 200. ஆகவே ‘ஈ’க்கு ஒரு புள்ளி, ‘டீ’க்கு ஒரு கோடு. அச்சுக்கோப்போர் பட்டறிவால் கண்டுவைத்த கணக்கு, தந்தியின் இலக்கணமாயிற்று.

இக்குறிமுறை மோர்ஸின் உதவியாளர் ஆல்பிரட் வெய்லுடையதே என்னும் கட்சி, இருவரும் மறைந்தபின் 1888இல் வலுவாக எழுந்தது. கருவியை உருவாக்குவதில் வெய்லின் பங்கு பெரிது. அதை மறுப்பது நன்றியன்று. எனினும் 1845இல் வெய்ல் வெளியிட்ட நூல் குறிமுறையை மோர்ஸுக்கே உரிமையாக்குகிறது. உரியவரே உயிரோடிருந்து எழுதிய சான்றைத் தள்ளிவிட்டுப் பிறர் பிற்காலத்தில் கூறியதைக் கொள்வது முறையாகாது.

முதற் குறிமுறை குற்றமற்றதன்று. புள்ளி, கோடு என்னும் இரண்டோடு நில்லாமல், ‘எல்’லுக்கு ஒரு நீள்கோடும், சில எழுத்துக்களின் உள்ளேயே இடைவெளியும் அமைந்தன. இரு புள்ளிகள் சேர்ந்துவரின் ‘ஐ’. சற்றே விலகிவரின் ‘ஓ’. இன்னும் சிறிது விலகின் இரண்டு ‘ஈ’. பழகிய செவி இவற்றைப் பிரித்தறியும். பழகாத செவி தடுமாறும். அமெரிக்கத் தந்தியாளர் பழக்கத்தால் இதை நெடுங்காலம் திறம்படக் கையாண்டனர் என்பது உண்மையே. ஆயினும் கற்போனின் செவித்திறனையே நம்பி நிற்கும் இலக்கணம் நல்லிலக்கணம் ஆகாது.

இக்குறையை நீக்கியவர் ஜெர்மானியரான பிரீட்ரிக் கெர்க்கே. 1848இல் ஹாம்பர்க் – குக்ஸ்ஹாபன் தந்திக்காக அவர் உள்ளிடைவெளிகளையும் நீள்கோட்டையும் ஒழித்தார். அவர் வழியில் மேலும் சில மாற்றங்கள் பெற்று, 1865இல் பாரிஸ் மாநாட்டில் அனைத்துநாட்டு முறை உறுதிப்பட்டது.

தெளிவு வந்தது, சிக்கனம் சிறிது போயிற்று. தமிழ் இலக்கணம் எழுத்தை மாத்திரையால் அளப்பதுபோல் இதனையும் அளக்கலாம். புள்ளிக்கு ஒரு மாத்திரை, கோட்டுக்கு மூன்று, எழுத்தினுள் குறிகளுக்கிடையே ஒன்று. இவ்வளவையால், மூன்று கோடு பெற்ற ‘ஓ’வுக்கு 11 மாத்திரை, ‘இஸட்’டுக்கும் அதே 11. அச்சுப்பெட்டியிலோ ‘ஓ’ 8,000, ‘இஸட்’ 200! வெறும் 800 கொண்ட ‘கே’கூட 9 மாத்திரையில் முடிகிறது. ‘ஓ’வும் ‘கே’யும் இடம் மாறியிருந்தாலே பயன் மிகுந்திருக்கும். எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட முறையில் இது வெளிப்படையான வழு.

ஆயினும் இவ்வழுவே பின்னர் ஒரு நன்மைக்கு இடமாயிற்று. 1906இல் பெர்லின் மாநாடு கப்பல்களின் ஆபத்துக் குறியாக ஏற்றது மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. இரைச்சலிலும் அதனை இனங்காட்டுவது நடுவே நீண்டொலிக்கும் அந்த ‘ஓ’வே. விரைவுக்குக் கேடாய் நின்ற எழுத்து உயிர்க்காப்புக்குத் துணையாயிற்று. இதனை முன்னறிந்து செய்தனர் என்று புகழ்வது மிகை. நேர்ந்த நன்மையை மறைப்பதும் குறை.

கப்பல்களின் ஆபத்துத் தொடர்புக்கு மோர்ஸ் முறை 1999 பிப்ரவரி 1 முதல் தேவையற்றதாயிற்று. ஆயினும் அதன் கொள்கை மறையவில்லை. 1952இல் டேவிட் ஹப்மன் வெளியிட்ட, செய்தியைச் சுருக்கும் முறையும் மிகுதியாக வருவதற்குக் குறுங்குறி என்பதையே கணக்கால் நிறுவிற்று. கணிப்பொறிகள் இன்றும் அதனைக் கையாள்கின்றன. தந்திக் கம்பிகள் ஓய்ந்துபோயினும், எண்ணிப் பார்த்து எழுத்தை அளந்த அந்த அறிவு நின்று பயன் தருகிறது. மோர்ஸ் முறைக்கு உரிய பெருமை அதுவே; அதற்கு மேற்பட்டவை மின்சாரத்தைச் சேர்ந்தவை.