மூன்று பத்திரிகைக்காரர்களின் இரண்டாவது சாவு

‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ (1993–2002) என்ற அமெரிக்க விஞ்ஞானப் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் மூன்று பேர் வருவார்கள். அரசின் ரகசியங்களைத் தோண்டி ‘தி லோன் கன்மேன்’ என்று ஒரு சின்னப் பத்திரிகை போடுகிறவர்கள். நம்ம ஆட்கள் மாதிரிதான். 2002இல் தொடர் அவர்களைக் கொன்றுவிட்டது.

2013இல் ஜோ ஹாரிஸ் எழுதி ‘பத்தாவது சீசன்’ காமிக்ஸாகத் தொடங்கியது. அந்தச் சாவே நாடகம் என்று சொல்லி மூவரையும் மீட்டது. தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரின் பெயரும் அதில் இருந்தது. 2016இல் தொலைக்காட்சியே வேறொரு பத்தாவது சீசனோடு வந்தது. காமிக்ஸில் நடந்ததைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2018இல் மூவரின் கல்லறையையும் காட்டினார்கள்.

இதை ரசிகர்களின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஒரு கதை எதுவரை ‘நடந்தது’ என்பதைக் கதையின் சொந்தக்காரர் தீர்மானிக்கிறார்.

சொந்தக்காரர் இல்லாத கதை சுதந்திரமானதா? விளாத்திகுளத்திலிருந்து வாசிக்கிற எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் பக்கத்துக் கட்டபொம்மன் கதையை யார் யாரோ பாடி நீட்டினார்கள். யாரும் காப்புரிமை கேட்கவில்லை. ஆனால் அவனுடைய தளபதி, தேவேந்திரகுலத்துச் சுந்தரலிங்கத்தின் பெயரை 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தபோது, அந்த பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரமானது. கடைசியில் அரசு, கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது.

அங்கே காப்புரிமை செய்ததை இங்கே சாதி செய்தது. இரண்டு இடத்திலும் வெட்டு விழுந்தது துணைப்பாத்திரத்தின் மேல்தான். காமிக்ஸ் படிப்பவர்களும் கதைப்பாடல் தொகுப்பவர்களும் முதலில் அங்கே பாருங்கள்.